இருபதாவது நோயற்றவர்

ஷ்செச்சினில் பிப்ரவரி.
துறைமுகத்தின் கிரேன்கள்
தூக்க ஒன்றுமில்லாமல் பனியைத் தூக்கி நின்றன.
தைராய்டு நோயாளிகள் இருபது பேரின் ரத்தம் வந்துவிட்டது.
ஒப்பிட வேண்டிய நோயற்றவர்கள் பத்தொன்பதே.
டிராம் ஓடாத நாளில் எந்தக் கை வரும்?
என் சட்டைக் கையைச் சுருட்டினேன்.
இரெனேயுஷ் குத்தினான்.
குழாயில் நானே ஒட்டினேன்:
20. நோயற்றவர்.

இரவு. இயந்திரம்.
லேசரின் முன் ஒவ்வொன்றாக
சுங்கச் சாவடி லாரிகளைப் போல் அணுக்கள்.
நாங்கள் தேடுவது வீரர்களை அல்ல,
வீரர்கள் எந்த உடம்பிலும் மலிவு.
ஓங்கிய கையை மணிக்கட்டில் பிடித்து
‘விடு, இது நம் வீடு’ என்பவர்களை.

அறிக்கையில் அவர்கள்
ஒழுங்குபடுத்தும் டி செல்கள்.
இரெனேயுஷுக்கு மாமன்கள்:
கல்யாணத்தில் வோட்கா ஏறி இருவர் முட்டும்போது
நாற்காலியை ஓசைப்படாமல் நகர்த்திவிட்டு
நடுவில் வந்து நிற்பவர்கள்.

வேலி பயிரை மேய்ந்தது என்று
யார் வேண்டுமானாலும் சொல்லலாம்.
வேலியைத் தட்டிக் கேட்க வேண்டியவன் எங்கே போனான்
என்று எண்ணிப் பார்க்கத்தான் எனக்குச் சம்பளம்.

திரையில் புள்ளிகள் விழுந்தன.
கீழே, வலது மூலையில்
ஒரு கூட்டம் சேர்ந்திருக்க வேண்டும்.
என் மூலையை
விரல் விட்டு எண்ணிவிடலாம் போலிருந்தது.

சாயம் பழசு என்றேன்.
புதுசு ஊற்றி மறுபடி ஓட்டினேன்.
மூலை அப்படியே.

எல்லாரும் கோட்டைக் கழற்றும் அறையில்
நான் மட்டும் மஃப்ளரோடு.
சீப்பு நிறைய முடி.
மூன்றாம் மாடிக்குப் போகும் வழியில் நின்று
பை கனக்கிறது என்று, காலிப் பையோடு, பொய்.
இதற்கெல்லாம் பிப்ரவரி என்று பெயர் வைத்திருந்தேன்,
ஜூலையிலும்.

ஒரு இரவின் எண்ணிக்கை நோயாகிவிடாது, தெரியும்.
சில ஆய்வுகளில் மாமன்கள் குறைவு,
சிலவற்றில் அளவு சரிதான்.
சிலருக்கோ
சுரப்பிக்குள்ளேயே திரண்டு நிற்கிறார்கள்,
கையைக் கட்டிக்கொண்டு.
அங்கேதான் என் தூக்கம் போனது:
வராத மாமனால் அல்ல,
வந்தும் வாய் திறக்காதவனால்.

காலையில் ஆன்டிபாடி பார்த்தார்கள்.
மூன்று இலக்கம்.
டாக்டர் ஹால்ஷ்கா என் கழுத்தில் விரல் வைத்து
‘விழுங்கு’ என்றார்.
விழுங்கினேன்.
வண்ணத்துப்பூச்சி வடிவம் என்று பாடத்தில் படித்தது;
அவர் விரலுக்கடியில் அது
ஓரம் சரியாக ஒட்டாத பியெரோகி,
மாவு தடித்து.

‘காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை,
காபி அரைமணி கழித்து’ என்றார்.
காபியை நினைத்துத்தான் கண் கலங்கியது.
அப்படியே இருக்கட்டும்.

பட்டியலில் என் வரியை அடித்தேன்.
நோயற்றவர்கள் மறுபடி பத்தொன்பது.

கான்டீனில் பீட்ரூட் சூப்.
ஊற்றும் கையை ரொம்ப நேரம் பார்த்துவிட்டேன் போல.
‘என்ன?’ என்றாள் பெலாகியா.
ஒரு குழாய் ரத்தம் தருவாயா?
கரண்டியை வைத்தாள்.
‘எனக்கு ஒன்றும் இல்லையே.’

தெரியும், என்றேன்,
அப்படித்தான் எழுதி ஒட்டுவோம்.