படங்கு கட்டும் இடம்

முதலில் அட்டை என்றுதான் நினைத்தேன்.
ஆடி மழை, ஏழாம் நம்பர் மலை,
படங்குக் கயிறு இறுகும் இடத்தில்
ஒரு சுரீர்.
சவுக்காரம் தேய்த்தேன்.
எதுவும் விழவில்லை.

இரண்டாம் இரவு
லயமே தூங்க
என் இடப்பக்கம் மட்டும் விழித்திருந்தது.
விடிந்து பார்த்தால்
முதுகெலும்பிலிருந்து தொப்புள் வரை
கொத்துக் கொத்தாய் நீர்க்கொப்புளம்,
பாதியில் அறுந்த அரைஞாண் மாதிரி.

"அக்கி" என்றாள் பக்கத்துக் காம்பரா சூசையம்மா.
"சுத்தி வந்து தலையும் வாலும் முட்டிச்சுன்னா
ஆள் மிஞ்சாது."
அன்று முழுக்க
கொழுந்து கிள்ள வேண்டிய விரலால்
மிச்ச இடுப்பை அளந்துகொண்டிருந்தேன்.
கங்காணி அரைப்பேர் போட்டார்.

மேல் டிவிசனில் குப்பமுத்து அக்கி எழுதுவார்.
காவியை உரைத்து, கோழி இறகைத் தோய்த்து
சிங்கம் வரையத் தொடங்கினார்.
தலை முடிந்ததும் நிறுத்தினார்.
அவருடைய வலக்கண் பாலாய் வெளுத்திருக்கும்;
கவ்வாத்துக் கத்தி பட்டதென்று
தோட்டமே நம்பியிருந்தது.

"இதே சனியன்தான்.
எனக்கு நெத்தியில வந்துச்சு.
கண்ணாடி பார்த்து
எனக்கு நானே எழுதிக்கிட்டேன், ஒம்பது நாள்.
உள்ள இருக்கிறதுக்கு வாசிக்கத் தெரியாது, தனபாக்கியம்.
மூணு நாளுக்குள்ள மாத்திரை போடணுமாம்.
அதை எனக்கு அப்புறமாத்தான் சொன்னாங்க.
ஓடு."

உடம்பில்லாத சிங்கத்தோடு
டிக்கோயா ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறினேன்.

டொக்டர் சின்னப் பிள்ளை.
சிங்கத்தைப் பார்த்துச் சிரிக்கவில்லை,
அதனால் நம்பினேன்.
"சின்ன வயசுல அம்மை போட்டிருந்துச்சா?"
போட்டிருந்தது, எட்டு வயதில்.
வாசலில் வேப்பிலை செருகி,
மூன்று தண்ணீர் ஊற்றி,
அம்மா இறங்கிவிட்டாள் என்று கூழும் காய்ச்சினோம்.

அம்மா போனது உண்மைதான்.
கூட வந்தது போகவில்லையாம்.
நரம்பின் முடிச்சொன்றில்
பேர் பதியாமல், சம்பளம் கேட்காமல்
நாற்பத்தாறு வருஷம் படுத்திருக்கிறது.
உடம்பு தளரும் நேரம் பார்த்து
எழுந்து நடந்திருக்கிறது.

"முட்டாதா?" என்றேன்.
"ஒரு நரம்பு, ஒரு பக்கம். முட்டாதும்மா.
முட்டினாலும் சாக மாட்டீங்க."
அந்த வாக்கியத்துக்கே பஸ் காசு சரியாய்ப் போயிற்று.

பிறகு சொன்னாள்:
வருமுன்னே போட ஊசி இருக்கிறது,
ஐம்பது தாண்டியவர்களுக்கு, இரண்டு தடவை.
இங்கே இல்லை,
கொழும்பில் காசுக்கு விசாரிக்க வேண்டும்.
விசாரித்தேன்.
போனில் ஒரு பெண் சொன்ன விலையைக்
கிலோவாக மாற்றிப் பார்த்தேன்.
ஒரு மலை முழுக்க வந்தது.

கொப்புளம் உதிர்ந்தது.
எரிச்சல் உதிரவில்லை.
ஐப்பசி வந்தும்
படங்கை நெஞ்சுக்குக் கீழே தூக்கிக் கட்டுகிறேன்,
புதிதாய் வந்தவள் மாதிரி.

மரணச் சங்கக் கூட்டத்தில் எழுந்தேன்.
"பெட்டிக்கும் பந்தலுக்கும் மாசாமாசம் கட்டுறோம்.
செத்த பிறகு குடுக்கிற காசுல கொஞ்சத்தை
இருக்கும்போதே கடனாக் குடுங்க,
ஊசிக்கு."

சிரித்தார்கள்.
மரணச் சங்கத்தில் அப்படியொரு சிரிப்பை
நான் கேட்டதில்லை.

செயலாளர் அருளானந்தம் மட்டும் சிரிக்கவில்லை.
அவருக்கு ஐம்பத்தெட்டு.
கூட்டம் தொடங்கியதிலிருந்து
கணக்குப் புத்தகத்தின் மறைவில்
ஒரு கை இடது விலாவிலேயே இருந்தது.

"எப்ப இருந்து?" என்றேன்.

"நேத்து ராத்திரி."

"சட்டையைத் தூக்குங்க.
இன்னும் ரெண்டு நாள் இருக்கு.
முதல் பஸ் ஆறு மணிக்கு."