ஈறுகெட்ட எதிர்மறை

பல்லாவரத்தில் ஏறினால்
மீனம்பாக்கத்துக்குள் ஐடிஸ் முடிந்துவிடும்.
ஆர்த்ரைடிஸ், காஸ்ட்ரைடிஸ், டான்சிலைடிஸ், ஜின்ஜிவைடிஸ்.
வீங்கிச் சிவந்ததெல்லாம் ஐடிஸ்.
கடைசியாகச் சொன்னது ஈறு வீங்குவது.
பல்லுக்கு அடியில் இருப்பதும் ஈறு,
சொல்லுக்குக் கடைசியில் இருப்பதும் ஈறு என்று
மகளிர் பெட்டியில் தனியாகச் சிரித்தேன்.
பட்டாணி உரித்துக்கொண்டிருந்த அம்மாள்
கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

எண்பது பக்க ஜெராக்ஸ்,
மெடிக்கல் கோடிங் பரீட்சைக்கு.
ஆல்ஜியா என்றால் வலி.
ஆஸ்கோபி, குழாய் விட்டுப் பார்ப்பது.
எக்டமி, வெட்டி எடுத்துவிடுவது.
நாம் தலைப்பக்கம் பார்த்து உறவு சொல்வோம்,
எதுகை என்போம்.
இவற்றுக்கு வால் போதும்.

கிண்டி, சைதாப்பேட்டை, மாம்பலம்,
அப்புறம் கோடம்பாக்கம், நுங்கம்பாக்கம்.
ஒரே வால் ரயிலோடு கூடவே வருகிறது.
கீழ்ப்பாக்கத்துக்கும் சேப்பாக்கத்துக்கும்
வெள்ளைக்காரன் வாயிலேயே அறுவை நடந்தது:
கில்பாக், சேபாக்.
நுங்கம்பாக்கம் எப்படியோ தப்பித்தது.
இது பாக்கெக்டமி என்றேன்.
நசீமா டீயைத் துப்பிவிட்டாள்.

அது ஆறு வருஷம் முன்பு.
இப்போது நாளைக்கு நூற்றிருபது சார்ட்.
ஒஹையோவில் யாருக்கோ பித்தப்பை,
டெக்சஸில் யாருக்கோ முட்டி.
முகம் தெரியாது, ஊர் தெரியாது,
வால் தெரியும், எண் போடுவேன்.

போன ஆடியில் கில்பாக்கில்
(வால் போன கில்பாக்கில்தான்)
எனக்கு ஆயிற்று.
வயது முப்பத்தாறு. கட்டிகள் நான்கு,
பெரியது சாத்துக்குடி அளவு.
ஹிஸ்டரெக்டமி.
டிஸ்சார்ஜ் சீட்டில் யாரோ தூக்கக் கலக்கத்தில் அடித்தது
ஹிஸ்டராட்டமி.

முன்னது, கர்ப்பப்பையை எடுத்துவிடுவது.
பின்னது, அதைக் கீறித் திறப்பது,
அநேகமாக உள்ளிருக்கும் ஒன்றை
வெளியே தூக்க.

பில்லும் சீட்டும் பொருந்தவில்லை என்று
இன்சூரன்ஸில் இரண்டே வரி.
"ரெண்டு எழுத்துடி, ஒரு போன் போடு,
பத்து நிமிஷ வேலை," என்றாள் நசீமா.
அடுத்தவர் சார்ட்டில் இதே தப்பை
மாதம் நாலு தடவை பிடிக்கிறவள் நான்.
அதற்குத்தான் சம்பளம்.

போன் போடவில்லை.
பதினோரு நாள்.
கிரெடிட் கார்டில் ஒரு லட்சத்து நாற்பதாயிரம்
வட்டி குட்டி போட்டுக்கொண்டிருந்தது.
பீரோவில், புடவைகளுக்கு அடியில்,
ஒரு காகிதத்தில் மட்டும் அது இன்னும் இருந்தது:
திறந்து,
எதையோ எடுத்துக் கையில் கொடுத்துவிட்டு,
தைத்து மூடிய ஒன்று.

பன்னிரண்டாம் நாள் போனேன்.
திருத்தி, சீல் குத்திக் கொடுத்தார்கள்.
பணமும் வந்தது,
கையுறைக்கும் பஞ்சுக்கும் கழித்துக்கொண்டு.

அன்று திரும்பும் ரயிலில் ஏனோ
பத்தாம் வகுப்பு இலக்கணம்.
வாடா மலர்.
வாடாத என்பதில் கடைசி எழுத்து போய்விட்டது,
ஆகவே ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம்.
பெயர்தான் ரயில் நீளம், மார்க் ஒன்று.
கெட்டது என்றால் பாழானது இல்லை,
மறைந்தது என்று பொருள்,
அதற்கும் அடிக்கோடு போட்டு வைத்திருந்தேன்.
சொந்தமாக ஓர் உதாரணம் எழுதச் சொன்னபோது
எங்கள் பெஞ்சு முழுக்க
செல்லாக் காசு, செல்லாக் காசு என்றே எழுதியது.

பழவந்தாங்கலில் கூட்டம் இறங்கியது.
உட்கார இடம் கிடைத்தது.
எனக்கு இருபது வருஷம் கழித்து
விடை வந்தது.

பெறாப் பிள்ளை.

மீனம்பாக்கம் போயிற்று.
இனி திரிசூலம், அப்புறம் பல்லாவரம்.
இறங்கும்வரை
பாக்கம் ஏதும் பாக்கியில்லை.