மூன்று முறை கம்பியிழுத்த வீடு

அப்போதெல்லாம் ஏழு மணிக்கே
ஜார்ஜ்டவுன் படுத்துவிடும்.
கிட்டங்கித் தெருவின் கடைசிக் கதவு
பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கும்.
அப்புறம் ஒரு டியூப்லைட், ஒரு நாய்,
துறைமுகத்தில் ஃபெரியின் கொட்டாவி.

நல்ல காலம் அது என்று
இப்போது யாராவது சொன்னால்
சிரிப்பு வருகிறது.
என் வகுப்பில் பாதிப்பேர்
சிங்கப்பூர் பஸ் ஏறிப் போனார்கள்,
செய்வதற்கு ஒன்றுமில்லை என்பதால்.
நான் பிளையரோடு நின்றுவிட்டேன்.

வாடகைச் சட்டத்தை எடுத்தபோது
எனக்கு வேலை குவிந்தது.
எல்லாம் துண்டிக்கிற வேலை.
நாற்பத்தேழாம் எண் வீட்டில்
தையல்கார ஆ லெங் குடும்பம்
மூட்டை கட்டி முடிக்கும்வரை
ஃபியூஸைப் பிடுங்காமல்
அஞ்சடியில் உட்கார்ந்திருந்தேன்.
நான் முதல்முதலாகக் கம்பியிழுத்த வீடு அது.
பிடுங்கிய பிறகும்
மேல்மாடி விசிறி
வெகுநேரம் சுற்றிக்கொண்டிருந்தது.

அடுத்த வாடகைக்காரர்கள் உழவாரக் குருவிகள்.
கூடு விற்கிற முதலாளி
ஜன்னல்களைச் செங்கல்லால் அடைத்தார்.
இரண்டாம் முறை கம்பியிழுத்தேன்,
விளக்குக்கு அல்ல, ஒலிபெருக்கிக்கு.
பதிவு செய்த கீச்சொலி இரவும் பகலும்.
இல்லாத குருவியை நம்பி
இருக்கிற குருவி வந்தது.
அந்த வருடங்களில் எங்கள் தெருவில்
அதிகம் பேசியது அந்த நாடாதான்.

பிறகு உலகப் பட்டியல் ஒன்றில்
ஊர்ப்பெயர் ஏறியதாகப் பேப்பரில் போட்டிருந்தது.
அந்தப் பக்கத்தில்தான்
மசால்வடை சுற்றி வாங்கிப்போனேன்.
எண்ணெய்க்கு அடியில்
எங்கள் தெருவின் படம்.

என்ன மாறியது, எப்போது மாறியது?
எனக்கும் சரியாகத் தெரியாது.
ஒருநாள் சுவரில் ஏணியைச் சாத்திவிட்டு
காப்பி குடிக்கப் போய்த் திரும்பினால்
ஏணிக்கு முன்னால் வரிசை.
அதுவும் சுவர் ஓவியத்தில் சேர்த்தி என்று நினைத்து
இரண்டாம் படியில் காலை வைத்து
ஆளாளுக்குப் போட்டோ.
என்னுடையது என்று சொல்லக் கூச்சமாக இருந்தது.
ஒன்பது பேர் முடியும்வரை நின்றேன்.
பத்தாவது பெண் என்னையும்
ஓரமாக நிற்கச் சொன்னாள்.

நாற்பத்தேழில் செங்கல்லை உடைத்தார்கள்.
மெல்பர்னில் படித்துவிட்டு வந்த சுஹைலா
மஞ்சள் வெளிச்சம்தான் வேண்டும் என்றாள்,
சுவரின் காயம் தெரிய வேண்டுமாம்.
மூன்றாம் முறை கம்பியிழுத்தேன்.
குருவி எச்சம் வாரியதே நான்கு நாள்.

திறப்பு இரவில்
பொரியா கோஷ்டி பாடி இறங்க,
தியோச்சு பொம்மைகள் சண்டையிட,
பட்டர்வொர்த் பையன்களின் உருமி
படிக்கட்டையே உறுமவைத்தது.
லோடு தாங்குமா என்று
மெயின் பெட்டி அருகிலேயே இருந்தேன்.
தாங்கியது.

கூட்டத்தில் ஒரு பெண்,
கையில் டிக்கெட்.
ஆ லெங்கின் இளைய மகள் மெய் ஃபோங்.
பிறந்த வீட்டுக்குள் நுழைய இருபது ரிங்கிட்.
கோபமா, சந்தோஷமா,
முகத்தில் ஒன்றும் பிடிபடவில்லை.
மூன்றாம் படியில் நின்று, பார்க்காமலே,
கையைச் சுவருக்குக் கொண்டுபோனாள்.

பழைய கறுப்பு சுவிட்ச் அங்கேதான் இருந்தது.
சுஹைலாவின் வரைபடத்தில் அது இல்லை.
பில்லிலும் நான் போடவில்லை.
மேல்மாடி விளக்கு எரிந்தது.
"அட" என்றாள்.
அப்புறம் காப்பி விலையைக் கேட்டுவிட்டு
வாய்விட்டுச் சிரித்தாள்.

இப்போது மணி பதினொன்றரை.
மோட்டார் நிறுத்த இடமில்லாமல்
மூன்று தெரு தள்ளி விட்டிருக்கிறேன்.
அஞ்சடி முழுக்க நாற்காலிகள்.
யாரோ சாக்சபோன் வாசிக்கிறார்கள், சுமாராக.
திட்டிக்கொண்டேதான் நடக்கிறேன்,
கொஞ்சம் சுற்றுவழியாக.