மோல்

நாகர்கோவில் ஸ்கேன் அறைச் சுவரில் ஒட்டியிருந்தது:
பாலினம் சொல்வது சட்டப்படி குற்றம்.
அதற்கு நேர் கீழே உட்கார்ந்துதான் டாக்டரம்மா
திரையிலிருந்து கண் எடுக்காமல்
பக்கத்து மேசைக்காரியிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்,
மோல்.

கிளீட்டஸ் காதில் அது மோள் என்று விழுந்தது.
லகரம் ளகரமாக ஒரு மின்விசிறிச் சத்தம் போதும்.
தூத்தூர்க்காரனுக்கு மகள் என்றால் மோள்,
வேறென்ன.
என் விரலை அமுக்கினான்.
"கேட்டியா, சட்டத்த மீறிச் சொல்லிப்போட்டு.
ஆருக்கிட்டயும் பறைஞ்சிராத."
செட்டிகுளம் ஜங்ஷன் வரை நடந்துபோய்
மட்டிப்பழம் ஒரு சீப்பு வாங்கி வந்தான்.

அவன் திரும்புவதற்குள்
டாக்டரம்மா சீட்டில் எழுதிவிட்டிருந்தார்.
நாலே எழுத்து. எனக்குப் பழக்கமான எழுத்து.

பதினொன்றாம் வகுப்புக்கு வேதியியல் எடுப்பவள் நான்.
மோல் என்று கரும்பலகையில் போட்டு
ஆறு புள்ளி பூஜ்யம் இரண்டு இரண்டு,
பக்கத்தில் ஒரு பத்து, அதன் தலையில் இருபத்துமூன்று.
பதினெட்டு கிராம் தண்ணீர்,
நாலு தேக்கரண்டிகூட வராது,
அதற்குள் அத்தனை.
"எண்ணி முடியாது டீச்சர்" என்பாள் பின்பெஞ்சு ஷைபினா.
எண்ணாதே, எடை போடு,
அதற்குத்தானே இந்தச் சொல்.

திரையில் இருந்ததையும் எண்ண முடியவில்லை.
பனி பெய்வதுபோல் இருக்கும் என்றார்கள்.
நான் பனி பார்த்ததில்லை.
துறைமுகத்தில் ஐஸ் அரைத்து மீன்பெட்டிக்குள் கொட்டுவார்களே,
அப்படி இருந்தது.
குமிழ் குமிழாய், குலை குலையாய்.
"முத்துப்பிள்ளை" என்றாள் ஊசியோடு வந்த நர்ஸ்.
இத்தனை அழகான பெயரை யார் வைத்தார்கள் இதற்கு?
முத்தும் இல்லை
பிள்ளையும் இல்லை.

அவனிடம் நான்தான் ளகரத்தைத் திருத்தினேன்.
மோள் இல்ல, கிளீட்டஸ். மோல்.
நாக்கு உள்ளே மடங்கினால் மகள்.
மடங்காமல் முன்பல் பக்கம் போய்த் தொட்டால்
மறுநாள் காலை ஏழு மணிக்கு வெறும் வயிற்றில் வரவேண்டும்.
பழத்தை யாருமே உரிக்கவில்லை.

வார்டில் தூக்கம் வராத இரவு
போனில் அகராதியைத் திறந்தேன்.
வெளியே ஒரே பெயர்ப்பலகை, உள்ளே யார் யாரோ குடியிருந்தார்கள்.
கழுத்து மச்சம்: பழைய ஆங்கிலத்தில் அது வெறும் கறை.
அகழெலி: மண்ணை எறிபவன் என்ற நீளப் பெயரின் மிச்சம் என்கிறார்கள்,
நிச்சயமில்லை.
கூடவே இருந்து சேதி கடத்துபவன்
அதன் வாலைப் பிடித்து வந்தவன்.
தேங்காய்ப்பட்டணத்தில் அவன் போட் உள்ளே திரும்புகையில்
ஒரு பக்கமாய் நிற்கும் கல்மதிலுக்கும் அதே சொல்தான்.
லத்தீனில் பெருந்திணிவு.
அந்தத் திணிவையே சுருக்கித் துணுக்காக்கி
அதிலும் பாதியை ஜெர்மன்காரர் வெட்டியதுதான்
என் கரும்பலகை மோல்.
மலைக்கல்லும் அணுக்கணக்கும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள்.

என்னுடையது வேறு வயிறு.
திரிகல். மாவரைக்கிற கல்.
கடைவாய்ப்பல்லின் ஆங்கிலப் பெயரும் அங்கிருந்துதான்.
எந்தத் தேசத்துப் பெண்ணின் அடிவயிற்றைத் தடவிப் பார்த்து
எவன் முதலில் சொன்னானோ,
இது பிள்ளை இல்லை, கல் என்று.

பிறகு வாரா வாரம் ரத்தம்.
ஒன்றரை லட்சம். பதினோராயிரம். எழுநூற்று நாற்பது.
வீட்டில் சோதித்தால் அப்போதும் இரண்டு கோடு.
யாரும் இல்லாத அறையில்
விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது.
அவன் கடலுக்குப் போய்விட்டான், நாற்பது நாள் தங்கல்.

அஞ்சுக்குக் கீழே வந்த அன்று
கொச்சித் துறையில் இருந்து கூப்பிட்டான்.
எத்தற, என்றான். சொன்னேன்.
கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை.
"அப்பம் மோளு போயாச்சு."

எனக்கு அந்த ளகரம்
தெளிவாகக் கேட்டது.
அவனுக்குப் பின்னால்
ஐஸ் அரைக்கிற சத்தம்.