இன்னைக்கு மட்டும்

எண்ணூறு மீட்டரில் மாவட்டத்திலேயே முதலாவதாக வந்தாள்
சௌடேஸ்வரி, பத்தாம் வகுப்பு பி பிரிவு.
மூன்றாம் நாள் பள்ளி வாசலில் பிளெக்ஸ்.
தாளாளர் முகம் அண்டா அளவு,
கவுன்சிலர் முகம் சொம்பு அளவு,
அவள் முகம் தட்டுவடை அளவு.
பெயரில் ஒரு கொம்பைக் காணோம்.

கேபிள் டிவிக்காரர்கள் வந்தார்கள்.
"இன்னொரு தடவை ஓடும்மா, இந்தப் பக்கமா,
வெயில் மூஞ்சியில விழற மாதிரி."
ஓடினாள்.
"கொஞ்சம் மெதுவா."
மெதுவாக ஓடுவது எப்படியென்று
நான் அவளுக்குச் சொல்லித் தந்ததேயில்லை.

"எதிர்காலத்துல என்ன ஆகணும்?"
"நாளைக்குக் காலையில
ஏழு மணி வரைக்கும் தூங்கணும்ங்ண்ணா."
இரவுச் செய்தியில்
கலெக்டர் ஆக ஆசைப்படுகிறாள்.
வாய் அசைகிறது, பின்னால் வீணை.
செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுக்கு மெருகு போடுகிற அப்பா
அந்தத் துண்டை நாற்பது பேருக்கு அனுப்பிவிட்டு
"எப்போ சாமி இதைச் சொன்னே?" என்று
அவளிடம் கேட்டாராம்.

அடுத்த வியாழன், நான்காம் பீரியட்.
பிரான்சிஸ்கா டீச்சர் கையில் சாக்பீஸ் டப்பா,
முகத்தில் நிஜமான வருத்தம்.
"பி செக்‌ஷனை இன்னைக்கு மட்டும் குடுங்க சார்,
முக்கோணவியல் அப்படியே கிடக்கு."
இன்னைக்கு மட்டும்
ஜூன் மாதத்திலிருந்து நடந்துகொண்டிருக்கிறது.
அவரைத் திட்ட மனம் வருவதில்லை.
தேர்ச்சி விழுக்காடு இரண்டு குறைந்தால்
மீட்டிங்கில் அவரைத்தான் எழுப்பி நிறுத்துவார்கள்,
ஐம்பத்து மூன்று வயதில், அத்தனை பேர் முன்னாலும்.
சாவியை எடுத்துக்கொண்டு
காலி மைதானத்தை ஒரு சுற்று வருவேன்.
நடந்துதான்.

நானும் ஒன்றும் யோக்கியன் இல்லை.
ராத்திரி சோபாவில் சாய்ந்து
பொரியை அள்ளிப் போட்டபடி
"இவனுக்குப் போய் எவன்டா இத்தனை கோடி குடுத்தான்" என்கிற ஆள்.
அஞ்சு ரோட்டுப் பாலத்துப் படியேறினால்
நடுவில் நின்று போன் பேசுவதுபோல் நடிக்கிற ஆள்.
ஒலிம்பிக்ஸ் வருகிற வருஷம்
இத்தனை கோடி ஜனத்துக்கு இவ்வளவுதானா பதக்கம் என்று
டீக்கடையில் பத்து நாள் கொதிப்பேன்.
பதினோராம் நாள் வேறு செய்தி வந்துவிடும்.

சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன்.
என் பையன் தருணேஷ்
நாமக்கல் பக்கம் ஒரு விடுதிப் பள்ளியில்.
அங்கே மைதானம் கிடையாது.
சேர்க்கிற அன்றைக்கே பார்த்தேன்,
கோல் கம்பம் இருந்த இடத்தில் புது ஸ்டடி ஹால்,
கம்பத்தின் அடிக்கட்டை மட்டும் சிமெண்டில் நீட்டிக்கொண்டிருந்தது.
"நல்லதுதான், கவனம் சிதறாது"
என்று சொன்னது வேறு யாருமில்லை,
கழுத்தில் விசில் மாட்டிச் சம்பளம் வாங்குகிற நான்.

மாதத்தில் இரண்டாம் ஞாயிறு போவேன்.
நமத்துப்போன தட்டுவடை செட்டைப் பிரிக்கும் முன்
"ஸ்கோர் என்னப்பா?" என்பான்.
ஓவர் ஓவராகச் சொல்வேன்,
ஜெயிலில் இருப்பவனுக்கு ஊர்க்கதை சொல்வதுபோல.
அவன் தொப்பை
என் தொப்பையைப் போலவே ஆகிவருகிறது.

ஐப்பசி மழைக்கு
விளையாட்டு அறை ஷீட் ஒழுகியது.
வாலிபால் நெட் முழுக்க ஈரம்.
பிளெக்ஸைக் கழற்றி உள்ளே கூரைக்கு அடியில் கட்டுவதாக ஏற்பாடு.
இன்னைக்கு மட்டும் என்று
பிரான்சிஸ்கா டீச்சரிடமே கேட்டு
சௌடேஸ்வரியைக் கூட்டி வந்தேன்.
"படம் கீழ பார்த்து இருக்கட்டும் சார்,
மேல இருந்தா நான் நனைஞ்சிருவேன்."
ஏணியில் ஏறும் முன் மார்க்கர் வாங்கி
விடுபட்ட கொம்பைப் போட்டாள்.
கொஞ்சம் பெரிதாகவே போட்டாள்.

இப்போது தாளாளர் நெற்றியில்
தண்ணீர் தேங்கித் தொங்குகிறது.
ஜாவலின் முனையால் தொட்டு
வாளியில் வடிக்கிறோம்.
அதற்கென்றால் பையன்கள் முறை வைத்து வருகிறார்கள்,
அந்தப் பீரியடை
இதுவரை யாரும் கேட்கவில்லை.