நாற்பத்தைந்து டூட்டி

காலில் புத்தூர்க் கட்டு, மூங்கில் தப்பை,
முட்டை வாடை இன்னும் போகவில்லை.
சக்கர நாற்காலியில் சாய்ந்தபடி
கொண்டய்யா கேட்கிறார்:
"ஐதராபாத்துக்கு எவ்வளவு நேரமப்பா?"

"ஒரு மணி பத்து நிமிஷம் சார்."
நீ போயிருக்கிறாயா என்று கேட்கவில்லை.
நல்லவர்.

ரேணிகுண்டாவில் எல்லாரும் நேரத்தைத்தான் கேட்பார்கள்.
தூரத்தை நான்தான் ஒருநாள்
கவுண்டர் ஷிரீஷாவிடம் கேட்டேன்.
வானத்தில் நானூற்று முப்பது கிலோமீட்டராம்,
வளைவு கிடையாதாம், கேட் கிடையாதாம்.
ஏகாம்பரகுப்பம் கேட்டைச் சாத்தினால்
எனக்கு அதுவே அரைமணி.

வாசலிலிருந்து விமானக் கதவுவரை நானூறு மீட்டர்.
காலி நாற்காலியோடு திரும்ப நானூறு.
ஒரு நாளைக்குப் பன்னிரண்டு பேர்.
நகரி பஸ்ஸில்
டிக்கெட்டின் முதுகில் கணக்குப் போட்டேன்.
நாற்பத்தைந்தாவது டூட்டியில்
ஐதராபாத் வந்துவிடுகிறது.
பதினோரு வருஷத்தில் எத்தனை முறை என்று
வகுப்பதற்குள் சத்திரவாடா.
இறங்கிவிட்டேன்.

கொண்டய்யாவின் கட்டுக்காலை
மெல்லத் தூக்கிக் கதவுக்குள் கொடுக்கிறேன்.
"பார்த்து சார், படி உயரம்."
உள்ளேயிருந்து வரும் குளிர்
என் முழங்கை வரைக்கும்
எட்டுகிறது.