ஈரக்கோடு

கல்லலுக்கு மேற்கே கண்மாய்க் கரையில்
அரசாங்கம் எண் போட்ட கிணறு ஒன்று. முப்பத்தேழு.
மாதம் ஒருமுறை அதனிடம் ஆழம் கேட்கப் போகிறவள் நான்,
நிலத்தடி நீர்ப் பிரிவு, களப் பணியாளர் சந்தனமேரி.

இன்று சாம்பல் புதன்.
தேவகோட்டையில் விடியற்காலைப் பூசை கண்டு
நெற்றியில் கருப்புச் சிலுவையோடு ஜீப்பில் ஏறினேன்.
காதர் பாய்க்குப் பிறை தெரிந்தால் நாளை நோன்பு.
"ரெண்டு பேருக்கும் ஒண்ணாத்தான் வருது இந்த வருஷம்"
என்று சிரித்து கியரை மாற்றினார்.

வெளியே போங்கள் என்றிருந்தார் சாமியார் பிரசங்கத்தில்,
புல்லும் பூச்சியும் பாடம் நடத்தும், பாருங்கள் என்று.
பார்த்தேன்.

ஓடைச் சேற்றில் ஒற்றைக்காலில் ஒரு கொக்கு.
தவம் என்பீர்கள். அது மீனுக்காக நின்றது.
வழியெல்லாம் சீமைக்கருவேலம் முள் நீட்டியது.
முள்முடியை நினை என்றது மனசு.
எனக்கு நினைவு வந்தது போன மாதம் குத்திய டயர்,
ஸ்டெப்னி மாற்ற முக்கால் மணி நேரம், நல்ல வெயில்.
கிடைக்காரர் ஒருவர் செல்போனில் யாரோடோ சண்டை;
குட்டியொன்று விலகி ஓட,
போனைக் காதிலிருந்து எடுக்காமலே
அதற்கு முன்னால் விழும்படி ஒரு கல் எறிந்தார்.
குட்டி திரும்பிவிட்டது.

ஆண்டவரே, எல்லாவற்றையும் உவமை ஆக்கிவிட்டால்
பாவம், இவை எப்போது சும்மா இருக்கும்?

செம்புறாங்கல் சுவர். துருப்பிடித்த கம்பி வலை.
பாய் அதைத் தூக்கியதும்
இருட்டுக்குள்ளிருந்து புறா இரண்டு படபடத்துப் பறந்தன.
(அதைப் பற்றியும் ஒன்றும் சொல்லமாட்டேன்.)

மின்கருவி பழுதாகி மூன்று மாதம்.
கையில் பழைய எஃகு நாடா, நுனியில் ஈயக் குண்டு.
கடைசி ஒரு மீட்டருக்குச் சாக்பீஸ் தேய்த்து இறக்க வேண்டும்.
நனைந்த இடத்தில் வெள்ளை கரைந்துவிடும்;
கரைந்த அளவைக் கழித்தால் கணக்கு வந்துவிடும்.

பத்து மீட்டர் விட்டேன். போன மாதம் ஒன்பது எண்பது.
இழுத்தேன். வெள்ளை அப்படியே இருந்தது.
மறுபடி தேய்த்தேன். பதினொன்று.
அப்படியே.

ஐப்பசியில் தம்பியை மண்ணுக்குள் வைத்தோம்.
அன்றிலிருந்து என் செபமும் இதுதான்:
இறக்குவேன், ஏற்றுவேன்,
பூசியது கலையாமல் மேலே வரும்.
கோயிலில் முதல் வரிசையில் இருப்பேன், பாட்டில் என் குரல்தான் உரக்க.
யாருக்கும் தெரியாது.

"வத்திப் போச்சுன்னு எழுதிடலாமா மேடம்?"
இன்னும் ஒரு மீட்டர், பாய்.

பன்னிரண்டு.
சத்தம் எதுவும் கேட்கவில்லை.
எட்டிப் பார்த்தேன்; இருட்டுதான் பார்த்தது.
நாடா கைக்குக் கை ஏறி வந்தது,
நுனியில் அறுபது சென்டிமீட்டர்
சாக்பீஸ் இல்லாமல்,
கருத்த இரும்பாய், குளிர்ந்து.

தண்ணீரை நான் காணவில்லை.
தொட்டதற்குச் சாட்சி
என்னுடையது அழிந்துபோன இடம் மட்டும்.

பதிவேட்டில் எழுதினேன்: பதினொன்று நாற்பது.
குறிப்பு என்ற கட்டத்தில் இரண்டு சொல்லுக்குத்தான் இடம்.
யோசித்து, "நீர் உண்டு" என்றேன்.
எண்ணே போதும் என்பார் உதவிப் பொறியாளர். அடித்துக்கொள்ளட்டும்.

ஜீப்பில் ஏறும்போது பாய் நிமிர்ந்து பார்த்தார்.
"நெத்தியில வச்சிருந்தது போச்சே மேடம்."
பக்கக் கண்ணாடியில் பார்த்தேன்.
வேர்வை; எப்போதோ முந்தானையில் துடைத்திருப்பேன்.
வெறும் நெற்றி, புருவத்தோரம் ஒரு கருந்துளி.
காலையில் இப்படியானால் வெட்கப்பட்டிருப்பேன்.

"போகட்டும் பாய்" என்றேன்.
அவர் முகத்தைப் பார்த்து, தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

அடுத்தது முப்பத்தெட்டு, பள்ளத்தூர்ப் பக்கம்.
நாடாவை மடியில் போட்டுத் துடைத்துக் காயவைத்து
சாக்பீஸை நுனியிலிருந்து
மறுபடி தேய்க்க ஆரம்பித்தேன்.